செத்த காலேஜுக்குப் பக்கத்துக் கடை

பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் எதைக் கேட்பார்கள் என்று என் கணவர் ஒரு நாள் என்னைக் கேட்டார். நான் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கக்கூஸ் எங்கே என்றுதான் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அவர் எதிர்பார்த்த பதில் அது இல்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"காபி," என்று பதிலையும் அவரே சொன்னார். "முதல்ல காபி. அப்புறம் இட்லி. மெட்ராஸ்லேர்ந்து காலங்காத்தால கிளம்பி வர்றவன் வேற இன்னா கேப்பான்?"

எங்கள் தெருக்கோடியில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த பங்களாவுக்கு அப்போது வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அருங்காட்சியகம் வரப்போகிறது என்பது முடிவாகியிருந்தது. சுற்றுவட்டாரத்து வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் அகப்பட்ட சிலைகளையெல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள், பார்ப்பதற்கு டூரிஸ்ட் பஸ் வரும், வெள்ளைக்காரர்கள் வருவார்கள், தெருவே மாறிவிடும் என்று பேச்சு. அந்தப் பேச்சில் பாதி என் கணவருடையது. பட்டு நூல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் அந்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் முன்னறைச் சுவரை இடித்துப் பலகைக் கதவு போட்டு, டிபன் கடை வைத்தார். பங்களாவுக்கு அடுத்த வீடு எங்களுடையது. நடுவில் ஒரு வேப்பமரமும் சாக்கடையும்தான்.

வேலையை விடட்டுமா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் என்பதால் தெருவில் என்னை டீச்சரம்மா என்பார்கள், நான் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. ஒரு காரியத்தின் நல்லதையும் கெட்டதையும் வரிசையாகச் சொல்ல வரும். எது அதிகம் என்று கேட்டால் வாய் அடைத்துவிடும்.

அவருடைய பள்ளிக்கூட சிநேகிதர் ஒருவர் பம்பாயில் மில் வேலையில் இருந்தார். பொங்கலுக்கு வந்தபோது, நீ வந்தால் ஒரு இடம் பிடித்துத் தருகிறேன், குடும்பத்தை மட்டும் கூட்டி வராதே, ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடை திறந்த அன்று கற்பூரம் காட்டிவிட்டு என் கணவர் சொன்னார்: "ஆடி முடியற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள தேறலைன்னா நான் பம்பாய் போயிடறேன். நீ புள்ளைங்களோட உங்கப்பா வூட்ல இரு."

அப்பா வீடு அரக்கோணத்தில். அங்கே அப்பா மட்டும் இல்லை, அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் நான் ஒரு வாரம் தங்கினாலே, என் மகளுக்குப் பால் ஊற்றும்போது டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பாள். ஒரு வாரத்துக்கே அப்படி என்றால் வருஷக்கணக்கில் எப்படி? அவர் போய்விட்டால் என் மூன்று வயது மகள் அவரை மறந்துவிடுவாளா, இல்லை தினமும் கேட்டுக்கேட்டு அழுவாளா, எது மோசம் என்று அடுப்பு ஊதும்போதெல்லாம் யோசித்தேன்.

மாசியில் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். முதல் நாள் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒரு ஜைனக் குடும்பம் வந்தது. உள்ளே இருந்த தீர்த்தங்கரர் சிலையைப் பார்த்துவிட்டு வெகு நேரம் கழித்து வெளியே வந்தார்கள். என் கணவர் வாசலுக்கே போய்க் கூப்பிட்டார். பெரியவர் கும்பிட்டு, வடிகட்டாத தண்ணீர் குடிப்பதில்லை என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து டூரிஸ்ட் பஸ் வந்தது. இறங்கிய வெள்ளைக்காரப் பெண்கள் நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தார்கள். என் கணவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அவர்கள் கேட்டது கக்கூஸ். புழக்கடைக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, தண்ணீர் வாளியுடன் நான் காவல் நின்றேன். திரும்பிப் போகும்போது ஒருத்தி என் குழந்தையைப் போட்டோ பிடித்தாள். காபியை அவர்கள் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்தார்கள். அன்று சாயங்காலம் மிஞ்சிய இட்லியை உதிர்த்து உப்புமா செய்தேன். மறுநாளும் அதுவே. சின்னவனுக்குக் கண் பட்டிருக்கும் என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். கண் பட்டது குழந்தைக்கா கடைக்கா என்று யோசித்தபடியே சுற்றினேன்.

ஊருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் வெள்ளைக்காரர்களைப் பிள்ளையார்பாளையத்துக்குக் கூட்டிப்போய்த் தறி காட்டினார்கள். அங்கே ஒரு வீட்டில் தறிக்குழியின் பக்கத்தில் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்களாம். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு லாட்ஜ் மாடி எடுத்தது. பெரிய ஜவுளிக்கடைகளில் இங்கிலீஷ் பேச ஆள் வைத்தார்கள். பங்களாவை ஒட்டியிருந்த எங்களுக்குத்தான் வேப்பமர நிழலும் பஸ் புகையும் கிடைத்தன.

சரி, வெள்ளைக்காரர்கள் வேண்டாம், கல்யாணக்காரர்கள் இருக்கிறார்களே என்று என் கணவர் தேற்றிக்கொண்டார். அதில் நியாயம் இருந்தது. எங்கள் தெரு ஜவுளிக்கடைகளுக்கும் அம்மன் கோயிலுக்கும் நடுவில் இருந்தது. முகூர்த்தப் புடவை எடுத்தவர்கள் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்து வாங்கிய பிறகுதான் ஊருக்குத் திரும்புவார்கள். செய்யாறு, வந்தவாசி, திருத்தணிப் பக்கத்து ஜனங்கள், ஒரு புடவைக்கு ஏழெட்டுப் பேராக, குதிரை ஜட்காவிலும் நடையாகவும் எங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள். கடை வைத்த புதிதில் அவர்கள்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சித்திரை பிறந்ததும் அவர்களும் குறைந்தார்கள். பிறகு வரவே இல்லை. பக்கத்துத் தெருவில் ஜட்காக்கள் மணியடித்துக்கொண்டு போகும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. எங்கள் தெருவில் நாய்தான் படுத்திருந்தது.

காரணத்தைச் சொன்னது வேப்பமரத்தடியில் பூக்கட்டி விற்கும் அம்மாள். கோயிலுக்குப் போகும் கல்யாணக்காரர்கள்தான் அவளுக்கும் பிழைப்பு.

"டீச்சரம்மா, உங்க வூட்டுக்காரர் வாய் முகூர்த்தம் நல்லா பலிச்சுதும்மா! தெரு மாறப் போவுது மாறப் போவுதுன்னாரு. மாறிப்போச்சு பாத்தியா, பக்கத்துத் தெருவுக்கு!"

"ஏன் இப்படிப் போறாங்க? நம்ம தெருவுல என்ன?"

"இன்னாவா? செத்த காலேஜ் இருக்குதே! கூறைப்புடவைய எவ செத்த காலேஜ் வாசல்ல எடுத்துக்கினு போவா?"

சென்னையில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். மிருகக் காட்சிசாலை உயிர் காலேஜ். சின்ன வயதில் காணும் பொங்கலுக்கு அப்பா எங்களை இரண்டுக்கும் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே அந்தப் பெயரைக் கேட்டு யாரும் பயந்ததில்லை, சிரித்துக்கொண்டு கும்பல் கும்பலாகப் போவார்கள். எங்கள் ஊருக்கு அந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் ஜட்கா பாய். சென்னையில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். நம்ம ஊருக்கும் செத்த காலேஜ் வந்துடுச்சி என்று பெருமையாகத்தான் சவாரிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். செய்யாற்றுப் பக்கத்து ஜனங்களுக்கு அது வேறு மாதிரி விழுந்துவிட்டது. டாக்டருக்குப் படிக்கிறவர்கள் பிணத்தை அறுத்துப் பார்க்கும் காலேஜ் என்று ஒருத்தர் சொல்ல, அதையே இன்னொருத்தர் சொல்ல, இழவு வீட்டைக் கடந்துபோவதுபோல ஆகிவிட்டது எங்கள் தெரு.

நான் இதை என் கணவரிடம் உடனே சொல்லவில்லை. சொன்னபோது அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார் என்று தெரிந்தது. "படிக்காத ஜனங்க," என்றார். அப்புறம் பரண்மேல் கிடந்த தகரப்பெட்டியை இறக்கித் துடைத்து, வெயிலில் காயவைத்தார். என் மகள் அதற்குள் ஏறி உட்கார்ந்து பஸ் விளையாடினாள்.

ஜனங்களைப் படிக்காதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பங்களா திறந்து இத்தனை மாதமாகியும் நானே உள்ளே போனதில்லை. பால் கொடுக்கிறவள் அங்கெல்லாம் போகக் கூடாது என்று பூக்காரம்மாள் சொன்னபோது சிரித்தேன். சிரித்துவிட்டு, போகாமலே இருந்தேன். அருங்காட்சியகம் என்று எழுத்துப் பிழை இல்லாமல் எழுதத் தெரிந்தவள்தான். ஆனாலும் சாயங்காலமானால் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

ஆனி மாதம் ஒரு நாள் முற்பகல். பக்கத்துத் தெருவில் குழாய் பதிக்கக் குழி தோண்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஜட்கா பாய் ஒரு கல்யாணச் சவாரியை எங்கள் தெருவுக்குள் திருப்பிவிட்டார். வண்டியில் கல்யாணப் பெண், அவள் அம்மா, தாய்மாமன். அம்மாவின் மடியில் மஞ்சள் பை. எங்கள் கடைக்கு எதிரே வந்தபோது அந்த அம்மாள் பங்களாவின் புதுச் சுவரைப் பார்த்து, "இது இன்னா கட்டடம்பா?" என்று கேட்டாள்.

"அதாம்மா நம்ம செத்த காலேஜ்," என்றார் பாய்.

"ஐயையோ, நிறுத்துய்யா! நிறுத்து!"

குதிரை மிரண்டு இரண்டடி பின்னால் வந்தது. அந்த அம்மாள் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டி நிற்பதற்குள் இறங்கினாள். "கூறைப்புடவைய எடுத்துக்கினு எங்கியா இட்டாந்துக்கீற? இத இனிமே அம்மன் காலடியில வெக்க முடியுமா? கடையில குடுத்தா திருப்பி எடுத்துக்குவானா? நீ குடுப்பியா காசு?"

"தாயே, நான் இன்னா பண்ணுவேன், அங்க பள்ளம் தோண்டிக்கீறான். குதிரைய தூக்கிக்கினா போவ முடியும்?"

"அக்கா, கொஞ்சம் இரு," என்றார் தாய்மாமன். "இன்னும் தாண்டலியே."

"நெழல் பட்டுடுச்சேடா!"

கல்யாணப் பெண் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயது இருக்கும். கண் கலங்கியிருந்தது. கல்யாணம் தள்ளிப்போய்விடுமோ என்று பயந்திருப்பாள். பூக்காரம்மாள் பூவை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. இங்கே ஒரு புடவை திரும்பிப் போனால் அந்தச் செய்தி எந்தெந்த ஊர்ச் சந்தை வரைக்கும் போகும் என்று எனக்குப் புரிந்தது. என் கணவருக்கும் புரிந்திருக்க வேண்டும். கையில் கரண்டியுடன் படி இறங்கி வந்தார்.

"அம்மா, பயப்படாதீங்க. உள்ள வெறும் கல்லுதான். கல் சிலை."

"நீ கடைக்காரன். நீ அப்படித்தான் சொல்லுவே," என்றாள் அவள். பிறகு அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். சின்னவன் என் இடுப்பில் இருந்தான். "நீ சொல்லும்மா. படிச்ச பொண்ணாட்டம் இருக்கே. உள்ள பொணம் கிணம் எதுனா இருக்குதா? புள்ளய இடுப்புல வெச்சுக்கினு பொய் சொல்ல மாட்டே."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். சொல்லு என்பதுதான் அந்தப் பார்வை. கல்லுதான் என்று ஒரு வார்த்தை. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் குழந்தையின் கை என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தெரியாததைத் தெரியும் என்று அவன்மேல் ஆணையாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

"நான் உள்ள போனதில்லைங்க," என்றேன்.

"பக்கத்து வூட்டுக்காரியே போனதில்லையாம்!" என்றாள் அந்த அம்மாள் தெருவுக்கே கேட்கும்படி. "கேட்டுக்கினியாடா?"

கடை முடிந்தது, பெட்டியும் பம்பாயும்தான் என்று அந்த நிமிஷம் எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அந்தப் பயத்தில்தான் வாயில் அடுத்தது வந்தது.

"இருங்க. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"புள்ளயோடவா?" என்றாள் பூக்காரம்மாள்.

குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கொடுத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கொடுக்காமல் போய், அவனுக்கு ராத்திரி ஜுரம் வந்தால்? முந்தானையால் அவன் தலையை மூடிக்கொண்டு நடந்தேன். இருபதடி தூரம்கூட இல்லை.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சுண்ணாம்பு வாசனை. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து காக்கித் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். சுவரோரமாகச் சிலைகள். மூக்கு உடைந்த விஷ்ணு, கண் மூடிய தீர்த்தங்கரர், பாதி நந்தி. மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு கல் அம்மனின் முன்னால் யாரோ ஒரு செம்பருத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கல் குழந்தைக்கு முகம் தேய்ந்து போயிருந்தது. என் கணவர் சொன்னது சரிதான், வெறும் கல்தான் என்று திரும்பினேன். திரும்பும்போது மூலையில் அந்தப் பானையைப் பார்த்தேன்.

என் இடுப்பு உயரம் இருக்கும். கருஞ்சிவப்பு மண். பக்கத்தில் அட்டையில் எழுதியிருந்தது: முதுமக்கள் தாழி. அந்தக் காலத்தில் இறந்தவர்களை இட்டுப் புதைத்த பானை.

படித்திருக்கவே வேண்டாம் என்று இருந்தது. எழுத்துத் தெரியாதவளாக இருந்திருந்தால் பானை என்று பார்த்துவிட்டுப் போயிருப்பேன். குழந்தையை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றினேன்.

"ஏங்க, இதுக்குள்ள..." என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"அதுவா? எட்டிப் பாரும்மா, ஒண்ணுமில்ல," என்று எழுந்து வந்தார். உள்ளே கைவிட்டு ஒரு குடையை வெளியே எடுத்தார். அப்புறம் சாப்பாட்டுத் தூக்கு ஒன்றை. "பீரோ கேட்டு எழுதிப் போட்டேன், ஒண்ணும் வரல. பூனை சோத்துல வாய வெக்குது, எங்க வெக்கறது? இதுல வெச்சா எறும்புகூட ஏறல."

வெளியே வந்தபோது அவர்கள் எல்லோரும் நான் விட்டுப்போன அதே இடத்தில் நின்றிருந்தார்கள். பாய்கூடக் கடிவாளத்தைப் பிடித்தபடி அசையவில்லை. என் கணவர் கண்ணிமைக்காமல் என்னைப் பார்த்தார். பானையைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் புடவை திரும்பிப் போகும். அவர் பம்பாய் போவார். இவ்வளவும் தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

"எல்லாம் கல் சிலைங்க. சாமி சிலைங்க. மடியில கொழந்தையோட ஒரு அம்மன் இருக்குது." குழந்தையின் தலையிலிருந்து முந்தானையை விலக்கினேன். "ஒரு பானை இருக்குது. அந்தக் காலத்துல செத்தவங்களை வெச்சுப் புதைச்ச பானை. இப்ப அதுக்குள்ள ஒண்ணுமில்ல. வாட்ச்மேன் குடைய வெச்சிருக்காரு."

"இன்னாத்த வெச்சிருக்காரு?"

"குடைங்க. சாப்பாட்டுத் தூக்கும்."

முதலில் சிரித்தது கல்யாணப் பெண். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள், முடியவில்லை. தாய்மாமன் சிரித்தார். பாய், "யா அல்லா, சோத்தையா?" என்றார். பூக்காரம்மாள் மரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. பானை இருக்குது இல்ல? அப்ப செத்த காலேஜ்தான். பாய் சொன்னது நெசம்தான்." மஞ்சள் பையைப் பார்த்தாள். பங்களாவைப் பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள். "பொய் சொல்லணும்னா பானைய மறைச்சிருப்பே. மறைக்கல நீ. இத வாங்கிக்கோ. உங்கூட்டு சாமி படத்துக்குக் கீழ வெய்யி. புடவை இதுக்குமேல ஒரு அடி வரக் கூடாது. நாங்க போயி அந்த அம்மனைப் பாத்துட்டு, அந்தக் குடைக்காரனையும் பாத்துட்டு வரோம். அப்புறம் பாய் எவ்ளோ தூரமானாலும் சுத்திக்கினு கோயிலுக்கு ஓட்டட்டும்."

பை என் கைக்கு வந்தது. அவர்கள் உள்ளே போனார்கள்.

சாமி படத்துக்குக் கீழே பலகை போட்டு அதன்மேல் வைத்தேன். இட்லிப் பானையின் ஆவி படும் என்று தோன்றியது. எடுத்து அலமாரிமேல் வைத்தேன். அங்கே பல்லி ஓடும். மறுபடி பலகை. என் மகள் கையில் வெல்லத்தோடு வந்து நின்றாள். "தொடாதே!" என்று கத்தினேன். அவள் உதடு பிதுங்கியது.

"நான் கல்லுன்னு சொல்லிட்டேன் இல்ல?" என்றார் என் கணவர் தாழ்ந்த குரலில். "நீ எதுக்குப் பானைய இழுத்தே?"

என் கண் பையிலேயே இருந்தது. வேறு எவளோ உடுத்தப்போகும் புடவை, அவள் கல்யாணம் முழுக்க அதற்குள் மடித்து வைத்தது மாதிரி இருந்தது. அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் தெறித்தாலும் பானைதான் காரணம் என்பார்கள். அவர்கள் திரும்பி வரும் வரைக்கும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

வந்தார்கள். உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். காபி குடித்தார்கள். அந்த அம்மாள் பையைப் பிரித்து, ஜரிகை நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு மூடினாள்.

ஒரு வாரத்தில் பாய் இன்னொரு கல்யாணச் சவாரியை எங்கள் வாசலில் நிறுத்தினார். "இங்க புடவைய வெச்சுட்டு இறங்குங்கம்மா. செத்த காலேஜ் பாத்துட்டு வந்துடலாம். பானைக்குள்ள குடை இருக்குது, எங்கயும் பாக்க முடியாது. டீச்சரம்மா கடையில வெச்ச புடவைக்கு ஒரு தோஷமும் கெடையாது."

"பாய், அப்படியெல்லாம் சொல்லாதீங்க," என்றேன் தனியாக.

"நானா சொல்றேன்? போன சவாரி சொல்லிச்சி. நான் வண்டி ஓட்டறேன்."

ஆனி முடியும் வரைக்கும் இரண்டு மூன்று கூட்டம் வந்தது. அப்புறம் ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் கல்யாணப் புடவை எடுக்க மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒவ்வொரு காலையும் மாவு கரைத்தோம். கடை காலியாகக் கிடந்தது. என் கணவர் தகரப்பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தார். பம்பாய் சிநேகிதர் ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வருகிறார், திரும்பும்போது சேர்ந்து போகலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார் என்றார். நான் அவருடைய சட்டைகளுக்குப் பித்தான் தைத்தேன். தைத்துக்கொடுத்தால் போகச் சொல்வதாகுமா, தைக்காமல் விட்டால் கடமையை விட்டதாகுமா என்று ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தது நினைவிருக்கிறது. தைத்தேன்.

ஆடிப் பதினெட்டு. அன்று எதை வாங்கினாலும் பெருகும் என்று ஆவணிக் கல்யாணத்துக்குப் புடவை எடுப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. காலையிலேயே பாய் ஒரு வண்டி கொண்டுவந்தார். அவர் பின்னால் இன்னொரு ஜட்கா. பிறகு இரண்டு ரிக்‌ஷா. நடையாக ஒரு கூட்டம். எல்லோர் கையிலும் மஞ்சள் பை. அதில் பாதி ஒரே ஜவுளிக்கடையின் பை, ஒரே எழுத்து, ஒரே நிறம்.

ஒருத்தி புடவை இன்னொருத்திக்குப் போய்விட்டால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? மரத்தடிக்கு ஓடினேன். "அக்கா, ஆளுக்கொரு பூவா முழம் முழமா நறுக்கிக் குடுங்க."

"இன்னாத்துக்கு?"

"பையில கட்ட. அடையாளத்துக்கு."

மல்லி கட்டிய பை ஒரு வீட்டுக்கு. மருக்கொழுந்து ஒரு வீட்டுக்கு. அரளி, கனகாம்பரம், சாமந்தி. அதே பூவில் ஒரு துண்டு அந்த வீட்டுப் பெண்ணின் தலைக்கு. பூக்காரம்மாள் என்னைத் திட்டிக்கொண்டே வெட்டினாள். "பூ விக்கற நேரத்துல ஒருத்தி மூட்டைக்குப் பூ வெக்கறா பாரு!" கூடை காலியானதும் மறுபடி வாங்கிவர ஆளை அனுப்பினாள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்திருந்த பம்பாய் சிநேகிதர் அன்றுதான் கடைக்கு வந்தார். பெஞ்சில் இடம் இல்லாமல் படியில் உட்கார்ந்து காபி குடித்தார். சாயங்காலம் கூட்டம் கலைந்தது. எல்லாப் பைகளும் போய்விட்டன. ஒன்றைத் தவிர. கனகாம்பரம். மதியம் வைத்துவிட்டுப் போனவர்கள். அருங்காட்சியகத்தின் கதவைச் சாத்திவிட்டு வாட்ச்மேன் குடையோடு போய்விட்டார். உள்ளே யாரும் இல்லை என்றார்.

நான் பையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வேறு யாருடைய பையையாவது எடுத்துப் போய்விட்டார்களா? மல்லிக்காரர்கள் சரியான பையைத்தான் எடுத்தார்களா? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். முகங்கள் ஒன்றோடொன்று குழம்பின. விளக்கு வைக்கும் நேரம் நெருங்கியது. கனகாம்பரம் வாடிக்கொண்டிருந்தது.

"இன்னாடா," என்றார் சிநேகிதர் என் கணவரிடம். "நாளன்னிக்கு வண்டி. உனக்கும் டிக்கெட் எடுக்கட்டா, வேணாவா? ஒரு வார்த்த சொல்லு."

என் கணவர் காலையிலிருந்து உட்காரவில்லை. சட்டையெல்லாம் மாவு. அவர் சிநேகிதரைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பையைப் பார்த்தார்.

"அந்தப் புடவைக்காரங்க வராம நான் எங்கடா வர முடியும்?" என்றார். "ஊரான் வூட்டுக் கல்யாணத்த இவ கையில விட்டுட்டா?"

"வந்துட்டா?"

"வரட்டும் பாக்கலாம். நாளைக்கு வேற யாருனா வெச்சுட்டுப் போவாங்க."

சிநேகிதர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

தெருவிளக்கு எரிந்த பிறகு அவர்கள் ஓடி வந்தார்கள். அருங்காட்சியகத்திலிருந்து நேரே கோயில் கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தார்கள், சன்னதி வாசலில் அர்ச்சகர் புடவை எங்கே என்று கேட்டபோதுதான் நினைவு வந்ததாம். கிழவர் ஒருவர் என் கையிலிருந்து பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர்கள் போன பிறகு படியிலேயே உட்கார்ந்து அழுதேன். என் மகள் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தாள், நான் சின்னவனுக்குத் தட்டுவதுபோல.

தகரப்பெட்டி பரணுக்குத் திரும்பிப் போகவில்லை. மறுநாள் காலையில் என் கணவர் அதைச் சாமி படத்துக்குக் கீழே இழுத்துப் போட்டு, உள்ளே வேட்டி விரித்து, புதுப் பூட்டின் சாவியை என் கையில் கொடுத்தார். ஆவணி முழுவதும் அதில் பைகள் இருந்தன. பானைக்குள் குடை வைத்ததற்கு வாட்ச்மேனுக்கு மேலதிகாரி மெமோ கொடுத்தார். குடை போன பிறகும் ஜனங்கள் வந்து அதைக் கேட்டார்கள். பங்களாவின் பெயரும் மாறவில்லை. அருங்காட்சியகம் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் பாய், "அதாம்மா, செத்த காலேஜ்," என்பார். அந்தப் பெயர் போய்விட்டால் யாரும் புடவையை என்னிடம் வைக்க மாட்டார்கள் என்று புரிந்த பிறகு, திருத்துவதை விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

அவர் பம்பாய் போகவில்லை. அதற்காக நிம்மதியாக இருந்தேன் என்று எழுத முடியவில்லை. வண்டிச் சத்தம் வாசலில் நின்றால் இப்போதும் முதலில் கையைக் கழுவுகிறேன். துடைத்துவிட்டு முகர்ந்து பார்க்கிறேன், பால் வாடை இருக்கிறதா, எண்ணெய் வாடை இருக்கிறதா என்று. அப்புறம்தான் பெட்டிச் சாவியை எடுப்பேன்.